மணியை அடிப்பவர் யார்?

காலை பத்து மணி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஓய்வூதியப் பிரிவு. அலுவலர் தம் மேசையில் ஒரு கோப்பை விரிக்கிறார். பணியில் இருக்கும்போதே காலமான ஓர் ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்குவதற்கான கோப்பு அது. இறப்புச் சான்று, குடும்ப விவரப் படிவம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பது பணிப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சரிபார்ப்பது மட்டுமே. பணியில் சேர்ந்த நாள், ஆண்டு ஊதிய உயர்வுகள், ஊதியமில்லா விடுப்புகள், கடைசியாகப் பெற்ற ஊதியம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தடையின்றி அமர்ந்தால் முக்கால் மணி நேர வேலை.

மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது கைபேசி ஒலிக்கிறது. பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. தாமும் ஒரு வாழ்த்து அனுப்பிவிட்டுப் பதிவேட்டுக்குத் திரும்புகிறார். ஐந்தாம் பக்கத்தில் கணினித் திரையின் மூலையில் ஒரு மின்னஞ்சல் எட்டிப் பார்க்கிறது; தலைமை அலுவலகம் ஏதோ புள்ளிவிவரம் கேட்கிறது. அதைத் தேடி அனுப்புவதற்குள் பதினொன்றரை. மீண்டும் முதல் பக்கம். பிற்பகலில் ஒரு காணொலிக் கூட்டம். மாலை ஐந்தரை மணிக்கு அவர் அலமாரியைப் பூட்டும்போது கோப்பில் ஏழாம் பக்கத்தில் ஓர் அடையாளச் சீட்டு நிற்கிறது. அன்று அவர் ஒரு கணமும் சோம்பியிருக்கவில்லை. வந்த செய்திகள் அனைத்துக்கும் பதில் அனுப்பியிருக்கிறார். களைத்துப் போய்த்தான் வீட்டுக்குச் செல்கிறார். காலமானவரின் மனைவி அன்று இரண்டாம் முறையாகத் தொலைபேசியில் கேட்டபோது, "நடந்துகொண்டிருக்கிறது, அம்மா" என்று கூறினார். அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல.

நாட்டின் எந்த அலுவலகத்திலும் காணக்கூடிய காட்சி இது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் வீட்டில் மாணவர் படிக்கும் மேசையிலும் இதே காட்சி வேறு வேடத்தில் நடைபெறுகிறது.

இதற்காகக் கருவிகளைப் பழிப்பது எளிது, நியாயமாகாது. அதே ஓய்வூதியத் துறையில் கணினி செய்துள்ள நன்மை சிறிதன்று. முன்பெல்லாம் ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் தாம் உயிருடன் இருப்பதை நிரூபிக்க வங்கி வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2014 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்ட 'ஜீவன் பிரமாண்' திட்டம் விரல்ரேகையையோ கருவிழியையோ கொண்டு அந்தச் சான்றைக் கணினிவழியே அளிக்க வழிசெய்தது. 2021 நவம்பரில் கைபேசிக் கேமராவின் முன் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியும் சேர்ந்தது. படுக்கையில் இருக்கும் முதியவருக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் சிவில் துறைகளில் 2017 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட 'பவிஷ்யா' என்னும் மென்பொருள், ஓய்வூதியக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஓய்வுபெறுபவரே அறியச் செய்கிறது.

ஆனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் மென்பொருள், அந்தக் கோப்பைத் தானே படித்துவிடாது. படிப்பதற்கு ஒரு மனிதரின் முக்கால் மணி நேரம், அதுவும் உடையாத முக்கால் மணி நேரம் வேண்டும். ஆகவே கேள்வி கருவி நல்லதா கெட்டதா என்பதன்று. எந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பது, எந்த உரிமையை அதற்குக் கொடாமல் வைத்திருப்பது என்பதே கேள்வி.

குறுக்கீட்டின் விலை

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்கள் எதில் எவ்வளவு நேரம் கவனம் செலுத்துகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் அளந்து வந்தவர். 2004-இல் அவர் கண்டபடி, ஒருவர் ஒரு திரையைவிட்டு இன்னொன்றுக்குத் தாவும்முன் சராசரியாக இரண்டரை நிமிடம் அதில் நிலைத்தார். 2023-இல் வெளிவந்த அவரது நூலில் அந்தச் சராசரி 47 வினாடியாகச் சுருங்கியிருந்தது. அவர் கண்டறிந்த இன்னொரு செய்தி இதைவிடக் கவனிக்கத் தக்கது. குறுக்கீடுகளில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வருபவை அல்ல; வேலை செய்பவரே தம்மைக் குறுக்கிட்டுக்கொள்கிறார். யாரும் அழைக்காதபோதும் கை கைபேசியைத் தேடுகிறது. வெளியில் அடித்துப் பழகிய மணி சில காலத்தில் உள்ளேயும் அடிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு நிமிடம் வேறொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நிமிடந்தானே இழப்பு என்று தோன்றலாம். சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கு தவறு எனக் காட்டியது. முடியாத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் அடுத்த வேலை தரம் குறைகிறது. இதற்கு அவர் 'கவனத்தின் எச்சம்' என்று பெயரிட்டார். மோர் ஊற்றிய பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே பால் ஊற்றினால் என்ன ஆகும் என்பது வீட்டில் உள்ளோர் அறிந்ததே.

ஓய்வூதியக் கோப்பில் இந்த எச்சம் ஒரு கூட்டல் பிழையாக வெளிப்படலாம். வேறு இடங்களில் அது உயிரோடு தொடர்புடையது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதை ஆய்வாளர்கள் அருகிலிருந்து கவனித்தனர். 2010-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பாதிக்கும் மேற்பட்ட தருணங்களில் யாராவது குறுக்கிட்டனர். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து அளிப்பதில் நேரும் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடின. குறுக்கிட்டவர்கள் தீயவர்கள் அல்லர். சக செவிலியர், மருத்துவர், உறவினர். ஒவ்வொருவரும் ஒரு சிறு கேள்விதான் கேட்டிருப்பார்கள்.

விமானத் துறை இதை மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஓடுபாதைக்கு முன்னரே தரையில் மோதியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விமானிகளின் உரையாடல் பதிவைக் கேட்டபோது, இறங்கும் நேரத்திலும் அவர்கள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. 1981-இல் அந்நாட்டு அரசு ஒரு விதி வகுத்தது: விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, பறத்தலுக்குத் தேவையற்ற எந்தப் பேச்சும் எந்த வேலையும் விமானி அறையில் கூடாது. பத்தாயிரம் அடிக்கு மேலே அவர்கள் தேநீர் அருந்தலாம், உரையாடலாம். எல்லை மட்டும் தெளிவாக இருக்கிறது.

மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இப்படி ஓர் எல்லையை எந்த அரசும் வகுத்துத் தருவதில்லை. பத்தாயிரம் அடி எது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நினைவைக் கருவிக்குக் கொடுத்தல்

முதலில் கருவியிடம் தாராளமாக ஒப்படைக்கத் தக்கது எது என்று பார்க்கலாம். நினைவு வைத்துக்கொள்ளும் வேலையே அது.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு அருகே போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலே எழுந்தது. எழுந்த சில நொடிகளில் கவிழ்ந்து விழுந்து தீப்பற்றியது. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில். அனுபவத்தில் குறைந்தவர் அல்லர். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதிருக்க வால்பகுதியில் போடும் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார், அவ்வளவே. ஒரு மனிதரின் நினைவுக்கு மிஞ்சிய சிக்கலான விமானம் இது என்றனர் சிலர். விமானிகளோ நினைவாற்றலை வளர்க்கும் பயிற்சியைத் தேடவில்லை. புறப்படும்முன் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தனர். அதே விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டுப் பறந்தது.

அந்தத் தாளின் வழித்தோன்றல் அறுவை சிகிச்சை அரங்குக்கும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் தயாரித்த 19 வரிகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நகரங்களில் உள்ள மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. புதுதில்லி அவற்றுள் ஒன்று. நோயாளி இவர்தானா, அறுக்க வேண்டிய இடம் இதுதானா, உள்ளே வைத்த பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா என்பன போன்ற எளிய கேள்விகள். 2009 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, அந்த மருத்துவமனைகளில் அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதே பட்டியலை ஆணையிட்டுக் கட்டாயமாக்கி, 101 மருத்துவமனைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, 2014-இல் வெளியான அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கட்டங்களை நிரப்புவது சடங்காகிவிட்டால் பட்டியல் வெறும் தாளாகிவிடும் என்று பலர் இதற்கு விளக்கம் கூறினர். கருவி ஒன்றுதான், அதைக் கையாண்ட மனங்கள் வேறு.

அன்றாட வேலைக்கும் இது பொருந்தும். செய்ய வேண்டிய வேலைகளை மனத்தில் சுமந்து திரிபவர் நாள் முழுதும் அவற்றைத் தமக்குத்தாமே ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு மருந்தைக் காட்டியது. முடியாத வேலையைப் பற்றிய எண்ணம் வேறு வேலையின் நடுவே வந்து தொல்லை தருகிறது. ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக எழுதிவிட்டால், வேலை இன்னும் முடியாதபோதும் தொல்லை அடங்கிவிடுகிறது. மனம் கேட்பது வேலை முடிந்ததா என்பதைவிட, அதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டதா என்பதே போலும்.

இந்த இடத்தை ஒதுக்குவதில் கணினியும் கைபேசியும் நிகரற்றவை. அவற்றிலுள்ள நாட்காட்டி மாதம் ஒருமுறை வரும் வேலையைத் தவறாமல் அதே தேதியில் எடுத்துக் கொடுக்கும். ஒரே வகைக் கடிதத்தை நூறு முறை எழுதுபவர் அதற்கு ஒரு மாதிரியைச் சேமித்து வைத்தால், பெயரும் தேதியும் மட்டும் மாற்றினால் போதும். கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முன்னால் வைத்தால் கணினி தானே அவற்றைக் கால வரிசையில் அடுக்கிவிடும். 'கடைசி', 'புதிய கடைசி', 'உண்மையான கடைசி' என்ற பெயர்களின் நடுவே தேடும் அவலம் இராது. முக்கியமானவற்றுக்குப் படி எடுத்து வேறோர் இடத்திலும் வைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை இழந்தவர் யாரும் அதை மறப்பதில்லை. இழக்காதவர் யாரும் அதைச் செய்வதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். வேலைப்பட்டியலுக்கென்றே நூற்றுக்கணக்கான செயலிகள் உள்ளன. மாதம் ஒரு செயலியை மாற்றி, பழைய பட்டியலைப் புதியதில் வண்ணம் தீட்டி அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். அது சுறுசுறுப்பின் உடையணிந்த சோம்பல். ஒரு குறிப்பேடும் பேனாவும் போதுமானால் அவையே சிறந்த கருவி.

அழைக்கும் உரிமை

நினைவூட்டும் மணிக்கும் அழைக்கும் மணிக்கும் ஒலி ஒன்றே. வேறுபாடு அதை வைத்தவர் யார் என்பதில் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மருந்து சாப்பிட வேண்டும் என்று ஒருவர் தாமே வைத்த மணி அவருடைய பணியாள். யாரோ ஒருவர் தமக்கு வசதியான நேரத்தில் அனுப்பும் செய்தி அவர் மேசையில் அடிக்கும் மணியோ, அவரைப் பணியாளாக்குகிறது. கைபேசியில் ஒரு செயலியை நிறுவியவுடன் அது அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கும். பெரும்பாலோர் படிக்காமலே சம்மதம் தந்துவிடுகின்றனர். வீட்டு வாசலில் வரும் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு சாவி கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பானது அது.

அப்படியானால் எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிடலாமா? இந்தியாவிலேயே கைபேசி பயன்படுத்தும் 237 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தந்தது. இரண்டு வாரங்களுக்கு ஒரு பிரிவினருக்கு அறிவிப்புகள் வழக்கம்போல் வந்தன. இன்னொரு பிரிவினருக்கு மணிக்கு ஒருமுறை தொகுத்து அனுப்பப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்கு நாளுக்கு மூன்று முறை மட்டும். நான்காம் பிரிவினருக்கு அறவே இல்லை. நாளுக்கு மூன்று முறை பெற்றவர்களே அதிகக் கவனத்துடனும் மனநிறைவுடனும் வேலை செய்தனர். அறவே பெறாதவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. எதையோ தவறவிடுகிறோமோ என்ற பதற்றமே மிகுந்தது. மனம் வெற்றிடத்தை அஞ்சுகிறது. ஆனால் நேரம் குறிக்கப்பட்ட காத்திருப்பை அது ஏற்றுக்கொள்கிறது. தபால்காரர் நாளுக்கு ஒருமுறை வந்த காலத்தில் யாரும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கவில்லை.

தபால் காலத்துக்கே திரும்பிச் சென்ற ஓர் அறிஞரும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்டு குனூத், கணினி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவர். கணித நூல்கள் அழகாக அச்சாக வேண்டும் என்பதற்காக 1977-இல் தொடங்கி அவர் உருவாக்கிய 'டெக்' என்னும் மென்பொருளைக் கணித அறிஞர்கள் இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகின்றனர். அத்தகையவர் 1990 ஜனவரி முதல் நாளிலிருந்து மின்னஞ்சல் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார். கணினிமேல் வெறுப்பு அதற்குக் காரணமன்று. 1975 வாக்கிலிருந்தே மின்னஞ்சல் பயன்படுத்தியவர் அவர். தம் பணி ஒரு துறையின் அடியாழம் வரை சென்று கற்று எழுதுவது, அதற்கு நீண்ட இடையறாத மணிநேரங்கள் வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். வரும் கடிதங்களைச் சேர்த்து வைத்து அவ்வப்போது ஒரே மூச்சில் பார்ப்பது அவர் வழக்கம்.

குனூத்துக்கு ஒரு செயலர் உண்டு. ஓய்வூதியப் பிரிவு அலுவலருக்கு இல்லை. தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சலைப் பாராமல் இருந்தால் அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். ஆகவே அவருக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டை வேறிடத்தில் தேட வேண்டும்.

திங்கட்கிழமை மௌனம்

காந்தியடிகளைவிட அதிகம் குறுக்கிடப்பட்ட மனிதர் இந்நாட்டில் இருந்திருக்க மாட்டார். அவரது எழுத்துகளின் தொகுப்பு ஆங்கிலத்தில் நூறு தொகுதிகள். அவற்றில் பெரும்பகுதி கடிதங்கள். ஆசிரமத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழுவதிலிருந்து எல்லாம் நேரப்படி நடந்தன. இடுப்பில் தொங்கிய கடிகாரம் அவருடைய மிகச் சில உடைமைகளுள் ஒன்று. இயந்திரங்களை அவர் கண்மூடித்தனமாக எதிர்க்கவும் இல்லை. தையல் இயந்திரத்தைப் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று 1924-இல் ஒரு மாணவரிடம் மனமாரப் பாராட்டியிருக்கிறார். மனிதரின் உழைப்பை இலகுவாக்கும் கருவிக்கும் மனிதரை ஆட்டிவைக்கும் கருவிக்கும் அவர் வேறுபாடு கண்டார்.

வாரத்தில் திங்கட்கிழமை அவருக்கு மௌன நாள். அன்று அவர் பேசுவதில்லை. எழுதுவார், படிப்பார், கேட்பார். 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அன்று தலைவர்களின் முன் வைத்தார். காந்தியடிகள் அதை எதிர்த்து என்ன சொல்லப் போகிறாரோ என்ற கலக்கத்துடன் இருந்த வைஸ்ராயின் முன் அவர் வந்து அமர்ந்தார். உதட்டில் விரலை வைத்தார். பின்னர் பயன்படுத்திய பழைய அஞ்சல் உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். தாம் பேச முடியாமைக்கு வருந்துவதாகவும், திங்கட்கிழமை மௌனத்தை மேற்கொண்டபோது இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டதாகவும் அதில் குறிப்பிட்டார். அவசர விஷயங்களில் உயர் பொறுப்பில் உள்ளவர்களிடம் பேசுவது ஒன்று. நோயாளிகளைக் கவனிப்பது மற்றொன்று.

அன்றைய அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மௌனத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டது; எல்லோரும் அறிந்தது. அன்று கேட்பதும் எழுதுவதும் நின்றுவிடவில்லை. பேச்சு மட்டும் நின்றது. விலக்குகள் இரண்டே, அவையும் ஆத்திரத்தின் நடுவே கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல, விரதத்தின் தொடக்கத்திலேயே நிதானமாக வகுக்கப்பட்டவை.

இன்றைய கைபேசிகளில் 'தொந்தரவு செய்யாதே' என்றொரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் அழைப்புகள் ஒலியின்றி வந்து சேரும். யாருடைய அழைப்புகள் மட்டும் ஒலிக்கலாம் என்று முன்பே ஒரு சிறு பட்டியல் தரவும் முடியும். வயதான பெற்றோர், குழந்தையின் பள்ளி, உடனடி மேலதிகாரி என மூன்று நான்கு எண்கள் போதும். பலர் கைபேசியை நிறுத்தத் தயங்குவதன் காரணம் வீட்டில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ற அச்சமே. விலக்குப் பட்டியல் அந்த அச்சத்துக்கு விடை. அது இல்லாத மௌனம் ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை.

பழக்கம் வேர்விடும் காலம்

இருபத்தொரு நாள் ஒன்றைச் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கை ஆதரிக்கவில்லை. ஒரு செயல் தானாக நிகழும் அளவுக்குப் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டனர். நடு அளவு 66 நாள். மூன்று வாரத்தில் பழக்கம் படியவில்லையே என்று மனமுடைந்து கைவிட்டவர்கள் உண்மையில் பாதி வழிகூட வந்திருக்கவில்லை. அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. தவறிய மறுநாள் மீண்டும் தொடங்கினாரா என்பதே முக்கியம்.

நல்ல பழக்கம் ஏற்கெனவே உள்ள ஒன்றோடு கட்டப்படும்போது எளிதில் ஊன்றுகிறது. 'இனிக் கவனமாக வேலை செய்வேன்' என்னும் சங்கற்பம் காற்றில் கரைந்துவிடும். 'காலைத் தேநீர் முடிந்து கோப்பை கீழே வைத்ததும் கைபேசியை இழுப்பறைக்குள் வைப்பேன்' என்பது நிற்கும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் இவ்வகைத் தீர்மானத்தின் வலிமையை விரிவாகக் காட்டியுள்ளன. கால அளவுக்கும் ஓர் எளிய முறை உண்டு. இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நில்லாமல், சமையலறையிலிருந்த தக்காளி வடிவ மணிக்கடிகாரத்தைத் திருகி வைத்துப் படித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று பின்னர் அதை ஒரு முறையாக வகுத்தார். 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. மணியைத் திருகி வைத்தவர் தாமே என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல் கடிதம் எழுதவும் நீண்ட அறிக்கையைச் சுருக்கவும் பலர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் இவை தவறானதையும் தயங்காமல் உறுதியாகக் கூறிவிடும். கையொப்பம் மனிதருடையது என்பதால் சரிபார்க்கும் கடமையும் அவருடையதே. மேலும், இறந்த ஊழியரின் ஊதியம், குடும்பம், வங்கிக் கணக்கு போன்றவை அவர் குடும்பத்தின் அந்தரங்கம். வெளியாருடைய கணினிக்கு அவற்றை அனுப்புவது எளிது என்பதாலேயே அது முறையாகிவிடாது. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளைத் தவிர்க்குமாறு தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியதும் தகவல்களின் இரகசியம் கருதியே.

மீண்டும் அந்த மேசைக்கு

ஓய்வூதியப் பிரிவு அலுவலர் அடுத்த நாள் என்ன செய்யலாம்? வீட்டிலிருந்து புறப்படும்முன் அன்றைக்கு முடிக்க வேண்டிய ஒரே கோப்பு எது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளலாம். அலுவலகம் வந்ததும் மின்னஞ்சலைத் திறந்து, அவசரமானவற்றுக்குப் பதில் அனுப்பி, பத்தேகாலுக்கு மூடிவிடலாம். பதினொன்று வரை கைபேசி இழுப்பறையில் இருக்கும். மேலதிகாரியின் எண்ணும் வீட்டு எண்ணும் மட்டும் ஒலிக்கும். இதை மேலதிகாரியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முக்கால் மணி நேரம் கோப்பு பார்ப்பதற்கு ஆட்சேபிக்கும் அதிகாரி அரிது. பணிப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால், நடுவில் எழ நேர்ந்தாலும் மீண்டும் முதல் பக்கத்துக்குச் செல்ல வேண்டியிராது.

முதல் நாள் கை இரண்டு மூன்று முறை இழுப்பறையை நோக்கிச் செல்லும். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். பிரிவில் ஒருவர், "என்ன, கோபமா? குழுவில் பதிலே காணோம்" என்று கேட்பார். வாரத்தில் ஒருநாள் உண்மையான அவசரம் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போடும். அன்று சீட்டிலுள்ள கோப்பின் பெயர் மறுநாள் சீட்டில் முதலில் எழுதப்படும்.

பதினொரு மணிக்கு இழுப்பறையைத் திறக்கும்போது குழுவில் முப்பது செய்திகள் காத்திருக்கக்கூடும். அவற்றில் இரண்டுக்குப் பதில் தேவைப்படலாம். கோப்பில் கடைசிப் பக்கம் முடிந்து, கணக்கு இருமுறை கூட்டிப் பார்க்கப்பட்டு, கையொப்பத்துடன் அடுத்த நிலைக்குப் போயிருக்கும். அந்த அம்மையார் மூன்றாம் முறை அழைப்பதற்காகக் காத்திராமல், அவர் எண்ணைப் பார்த்து இங்கிருந்தே ஓர் அழைப்பு செய்ய இரண்டு நிமிடம் ஆகும்.